விழுந்து எழும் ஆட்டம்

பாட்டு கிடையாது, சலங்கை கிடையாது, பட்டும் நகையும் கிடையாது. இப்படி ஓர் ஆட்டத்தைத் திருவிழா அன்று கோயில் மண்டபத்து மேடையில் ஏற்றுவது எப்படி என்று நல்லுசாமிக்குக் கவலை. அவர் கோயில் தலைவர். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் மூன்று முறை கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. ஆட இடம் கேட்டு வந்த ஷர்மினியைக் கூடத்தில் உட்காரவைத்து, பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"டான்ஸுன்னா டான்ஸ் மாதிரி இருக்கணும்லா. பாட்டு போடலேன்னா சனங்க ஸ்பீக்கர் ரோசாக்கு, கெட்டுப்போச்சுன்னுல்ல நெனைக்கும்?"

"அதுல பாட்டு இல்ல மாமா. மூச்சு விடுற சத்தமும் ஒரு லோரி எஞ்சின் சத்தமும் மட்டும் வரும்."

"லோரியா!" என்று நல்லுசாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஷர்மினி பொறுமையாகச் சொன்னாள். வெள்ளைக்கார நாடுகளில் பாலே என்று ஓர் ஆட்டம் இருக்கிறது, கெட்டிச் சப்பாத்து மாட்டி நுனிவிரலில் நின்றுகொண்டு, பூமியே எங்களுக்கு வேண்டாம் என்பதைப்போல ஆடுவார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் சில பெண்கள் அந்தச் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு தரையில் நின்று ஆடினார்கள். அங்கேதான் இது தொடங்கியது.

"வெறுங்காலா? நம்ம சனங்க என்னா, பூட்ஸு போட்டுக்கிட்டா தீ மிதிக்குது?"

"அதோட நிக்கல மாமா. மூச்ச இழுத்தா ஒடம்பு சுருங்குதில்ல, விட்டா விரியுதில்ல, அதையே ஆட்டமாக்கினாங்க. கீழ விழுறதும் எந்திரிக்கிறதும் ஆட்டம்னாங்க. அதுக்கப்பறம் வந்தவங்க, நடக்கிறது, உக்கார்றது, மூட்ட தூக்குறதுகூட ஆட்டந்தான்னு சொல்லிட்டாங்க."

"மூட்ட தூக்குறது ஆட்டம்னா, இந்தத் தோட்டத்துல எல்லாரும் டான்ஸ் மாஸ்டருதான்."

ஷர்மினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலாலம்பூரில் எட்டு வருடம் படித்தும் ஆடியும் அவள் வந்து சேர்ந்த இடம் அது. இவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே அங்கே வந்துவிட்டார். நல்லுசாமி கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆட்டம் பிடித்துப்போய் அல்ல. விக்னேஸ்வரியின் மகள் கேட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் நடந்தது தோட்டத்துக்கே தெரியும். அன்னதானம் முடிந்ததும் பதினைந்து நிமிடம், அதற்குமேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது, நான்கு மணிக்கு மழை வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

ஷர்மினிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா தன் ஆட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

விக்னேஸ்வரி இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். பள்ளிக்கூட விழாவா, அன்றைக்குப் பார்த்துக் கொழுந்து அதிகம், ஞாயிற்றுக்கிழமையும் தேயிலை பறிக்க மலைக்குப் போயாக வேண்டும். கோலாலம்பூர் மேடையா, அந்த வளைவுகளில் பஸ் ஏறினால் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆனால் மகன் யுகேந்திரன் திடலில் பந்து ஆடும் நாட்களில் மட்டும் அவளுக்குக் கொழுந்தும் இல்லை, வாந்தியும் இல்லை. மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டவளுக்கு மூத்த மகன்மேல் அப்படி ஒரு பிடிப்பு. ஷர்மினி இதைச் சொல்லிக் காட்டியதில்லை. மறந்ததும் இல்லை.

யுகேந்திரன் இப்போது இல்லை. ஒன்றரை வருடம் ஆகிறது.

அது நடந்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். விக்னேஸ்வரி மேனேஜர் துரையின் வீட்டு வாசலில் நான்கு நாள் நின்று, தேயிலை ஃபேக்டரியில் மகனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். அவன் ஒரே மாதத்தில் அதை விட்டுவிட்டு, கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் காய்கறி லோரி ஓட்டப் போனான். சுவருக்குள் இருந்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்றான். அம்மாவுக்கு வந்ததே கோபம். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத. நான் செத்தாலும் கொள்ளி வைக்க வராத" என்று லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் கேட்கக் கத்தினாள். அவன், "சரி, வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கோலா தெர்லா ஒன்றும் சீமை இல்லை, மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம். ஐந்து மாதம் அவன் வரவில்லை. அவளும் போகவில்லை. விட்டுக்கொடுக்கத் தெரியாத ரத்தம் இருவருக்கும். பிறகு ஒரு காலையில் கம்போங் ராஜாவைத் தாண்டிய இறக்கத்தில், முட்டைக்கோஸ் பாரத்தோடு அவன் லோரிக்கு பிரேக் பிடிக்கவில்லை.

விபத்தில் போனவர்களின் உடலை அங்கே வீட்டுக்குள் எடுத்துப் போகமாட்டார்கள். வாசலில் கூடாரம் போட்டு, அங்கேயே குளிப்பாட்டி, அங்கேயே மாலை போட்டுத் தூக்கிவிடுவார்கள். யுகேந்திரனும் வாசலோடு போனான். வாசப்படியை மிதிக்காதே என்று பெற்றவள் சொன்னாள், செத்தும் மிதிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விக்னேஸ்வரிக்குக் கண்ணீர்கூட வரவில்லை. வாய்விட்ட சொல்லைத் திருப்பி வாங்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை என்பதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள் போல.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியமெல்லாம் ஒன்றுதான், மகனைக் கூப்பிடுவது. கம்போங் ராஜாவில் சாமி பார்க்கும் பழனியப்பனிடம் மூன்று முறை போனாள். செத்தவர்களை வரவழைத்துப் பேச வைப்பதில் அவர் பெயர் போனவர். உடுக்கை அடித்தார், சூடம் கொளுத்தினார். மூன்று முறையும் யாரும் வரவில்லை. "பையன் கோவமா இருக்கான். கூப்டாலும் திரும்பி நிக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து விக்னேஸ்வரி சோற்றில் கை வைத்தால் இரண்டு கவளம், அதற்குமேல் இறங்குவதில்லை. ஷர்மினி தொலைபேசியில் சண்டை போட்டாள். "அதெல்லாம் பொய்ம்மா. செத்தவங்க வந்து பேசமாட்டாங்க." அம்மா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அம்மா சாமி பார்ப்பவரிடம் போனாள், மகள் ஆட்டத்திடம் போனாள். வேறு என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

அண்ணனோடு வேலை செய்த ஒருவரின் கைப்பேசியில் மூன்று சிறிய வீடியோக்கள் இருந்தன. யுகேந்திரன் முட்டைக்கோஸ் கூடைகளை லோரியில் ஏற்றுவது, அவ்வளவுதான். ஷர்மினி அவற்றை நூறு முறை, இருநூறு முறை பார்த்தாள். கூடையைத் தூக்குவதற்கு முன் அவன் மூச்சை இழுத்துத் தோளை ஒருமுறை குலுக்கிக்கொள்கிறான். பந்து ஆட்டத்தில் அடிபட்ட இடது முழங்காலைக் காப்பாற்ற, பாரத்தை வலது பக்கம் சாய்த்து வாங்குகிறான். வியர்வையை விரல்களால் துடைப்பதில்லை, மணிக்கட்டின் பின்புறத்தால் மூக்கிலிருந்து காதுவரை ஒரே இழுப்பு. சும்மா நிற்கும்போது ஒரு காலால் மற்றொரு காலின் கெண்டைச் சதையைச் சொறிகிறான். பேசுமுன் தொண்டையைச் செருமுகிறான். இவை எல்லாம் இருபத்தாறு வருடம் அண்ணனுக்குத் தங்கையாக இருந்தும் அவள் கவனிக்காதவை.

ஒவ்வொன்றாக எடுத்து உடம்பில் ஏற்றினாள். ஒரே அசைவைப் பத்து முறை செய்தாள், பாதியில் உடைத்தாள், மெதுவாக்கினாள், பாரத்தைக் காலிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து தரைக்கும் மாற்றினாள். கூடை இல்லாமலே கூடையின் கனம் தெரியும்வரை விடவில்லை. கடைசியில் விழுவது. அவளுடைய கலையில் விழுவதற்கு ஒரு முறை உண்டு. எலும்பு தரையில் படாமல், சதை வழியாக, மூச்சை விட்டுக்கொண்டே உருண்டு, தரையை நம்பிக் கீழே போக வேண்டும். அந்த விழும் வேகமே மறுபடி எழுப்பிவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் பன்னிரண்டு முறை விழுந்து பதினொரு முறை எழுவாள். அவளோடு சேர்ந்து ஒலி அமைக்கும் மகேன் முதல் தடவை முழுதாகப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஆடச் சொன்னான். பிறகு வெளிநாட்டில், தாய்பேயில் நடக்கும் ஒரு நடன விழாவுக்கு எழுதிப் போட்டான். அவர்கள் வரச் சொன்னார்கள். அவள் ஆடத் தொடங்கி இத்தனை வருடத்தில் கிடைத்த முதல் பெரிய அழைப்பு அது.

ஆனால் ஊரான் பார்ப்பதற்கு முன் அம்மா பார்க்க வேண்டும் என்று ஷர்மினி பிடிவாதமாக இருந்தாள். அதனால்தான் திருவிழா, நல்லுசாமி, பிஸ்கட் எல்லாம். "கோயிலு பக்கத்துலதானே, வர்றேன்" என்று அம்மா சொன்னதும் அவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஆட்டம் யாரைப் பற்றியது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமலா போகும், பார்த்ததும் தெரிந்துகொள்வாள், மகள் தனக்காகவும் அண்ணனுக்காகவும் என்ன செய்திருக்கிறாள் என்று ஒரு நாளாவது பார்ப்பாள் என்று நினைத்தாள். தெரிந்துகொள்ளத்தான் செய்தாள். அதுதான் வினை.

திருவிழா அன்று மதியம் மூன்று மணி. சாப்பிட்ட களைப்பில் சனங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்து கிடந்தார்கள். சினிமாப் பாட்டுக்குக் குழந்தைகள் ஆடி முடித்திருந்தார்கள். நல்லுசாமி மைக்கைப் பிடித்து, "அடுத்து, நம்ம விக்னேஸ்வரி மக ஷர்மினி, நவீன நடனம். பாட்டு இருக்காது, ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு" என்று பொறுப்பாக அறிவித்தார். ஷர்மினி சாம்பல் நிறச் சட்டையும் முழுக்கால் சட்டையுமாக, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். கடைசி வரிசையில் பக்கத்து வீட்டுத் தங்கம்மா இருந்தாள். அவளுக்கு அடுத்த நாற்காலி காலி. அம்மா இன்னும் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் இருந்தாள். வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு ஷர்மினி மூச்சை இழுத்தாள்.

முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி நடக்கிறாள், தோளைக் குலுக்குகிறாள், இல்லாத எதையோ தூக்குகிறாள், விழுகிறாள். பின்னால் லோரி உறுமுகிறது. முன்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். நான்காவது முறை அவள் விழுந்தபோது வெளியே ஊர்வலத்துக்கு வந்திருந்த உருமி மேளக்காரர்கள் மேளத்தைச் சூடு காட்டி அடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். லோரிச் சத்தம் அதில் அமுங்கிப் போனது. மேடையில் எது குறுக்கே வந்தாலும் அதையும் ஆட்டத்துக்குள் எடுத்துக்கொள் என்பது அவள் படித்த பாடம். எடுத்துக்கொண்டாள். உருமி வேகம் கூட்டியது, அவளும் கூட்டினாள். விழுந்தாள், உருண்டாள், எழுந்தாள். மூச்சு இரைந்தது. பதினோராவது முறை எழுந்தபோது கட்டியிருந்த முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

"சாமி வந்துருச்சுடீ!" என்று தங்கம்மா எழுந்து கத்தினாள்.

அவ்வளவுதான். இந்தத் தோட்டத்துச் சனம் மேளச் சத்தத்தில் தலைவிரி கோலமாகத் தரையில் புரளும் பெண்ணைத் தன் ஆயுசில் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் பார்த்திருக்கிறது. தூங்கி வழிந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, விபூதித் தட்டோடு நான்கு பெண்கள் மேடையில் ஏறினார்கள். ஷர்மினியின் தலையில் குடம் தண்ணீர் கொட்டியது. "இல்ல, இல்லக்கா" என்று அவள் சொன்னது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடி வந்த நல்லுசாமி முறைப்படி கைகட்டி நின்று கேட்டார். "வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லணும்."

ஷர்மினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தண்ணீர் கண்ணில் எரிந்தது. மணிக்கட்டின் பின்புறத்தால் மூக்கிலிருந்து காதுவரை துடைத்துக்கொண்டாள். அது ஆட்டத்துக்காகச் செய்தது இல்லை. ஒரு வருடமாக உடம்பில் ஏறியது தானாக வந்துவிட்டது.

"இது மாரியாத்தா இல்ல" என்று மேடைக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

சனம் விலகியது. விக்னேஸ்வரி சோப்பு நுரை வழியும் கைகளோடு மேடைக்குக் கீழே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு பார்த்தாளோ. ஷர்மினியின் காலையும் தோளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"இது எம்புள்ள. யுகேனு. அவன் நிக்கிறது எனக்குத் தெரியாதா? அந்த மொழங்காலு எனக்குத் தெரியாதா?" அவள் மேடையில் தவழ்ந்து ஏறி ஷர்மினியின் காலடியில் உட்கார்ந்தாள். "வந்துட்டியாய்யா. எத்தன தடவ கூப்டேன். ஆத்தா மேல இன்னும் கோவமாய்யா?"

யாரோ போய்ச் சொல்லி மேளத்தை நிறுத்திவிட்டார்கள். மண்டபம் முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தது.

நான்தான்ம்மா, ஷர்மினி. இது ஆட்டம். இதைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். இதைச் சொல்லத்தான் மலை ஏறி வந்தாள். சொன்னால் அம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த பார்வை அது. ஆனால் அடுத்த நொடியே அந்த முகத்தில் என்ன விழும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மகன் நான்காவது முறையும் வரவில்லை என்பது விழும்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். வீட்டுக்குப் போயேன் என்று இவள் கெஞ்சினாள். "அவங்க சொன்னது சொன்னதுதான். சாவுற வரைக்கும் எனக்கு ஆறாது" என்று அவன் வைத்துவிட்டான். பழனியப்பன் குருட்டாம்போக்கில் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

ஷர்மினி தொண்டையைச் செருமினாள். "கோவம்லாம் ஒண்ணும் இல்லம்மா."

குரல் அண்ணனுடையது மாதிரியே வந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

விக்னேஸ்வரி அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. ஒன்றரை வருடம் வராத கண்ணீர் ஒரே மூச்சில் வந்தது. சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள். நல்லுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கோயில் தலைவர் கோயில் தலைவர்தான். சாமி புறப்படும் நேரத்தில் செத்தவன் காற்று கோயில் பக்கம் நிற்கக் கூடாது என்று அவருக்கு நினைவு வந்துவிட்டது. "தங்கச்சி, ஒம்மவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்மா. சாமி கெளம்பணும்" என்றார்.

விக்னேஸ்வரிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஷர்மினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்திலிருந்து லயம் வரை தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதை, மழை தூறத் தொடங்கிவிட்டது. பின்னால் பத்துப் பதினைந்து பேர். ஷர்மினி வலது பக்கம் சாய்ந்து, இடது முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு நடந்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. வாசலுக்கு வந்ததும் அம்மா கையை விட்டுவிட்டு உள்ளே ஓடி, வீட்டுக்குள்ளிருந்து திரும்பி நின்றாள். "மிதிச்சு வாய்யா. நான் சொன்னதெல்லாம் எச்சில்னு துப்பிட்டேன். மிதிச்சு உள்ள வாய்யா."

அண்ணன் ஐந்து மாதம் மிதிக்காத, செத்தும் மிதிக்காத படியை ஷர்மினி மிதித்தாள்.

அம்மா அவளை உட்கார வைத்தாள், சோறு போட்டாள். நெத்திலிச் சம்பலும் அவித்த முட்டையும், யுகேந்திரனுக்குப் பிடித்தது. தன் கையாலேயே பிசைந்து ஊட்டினாள். கவளம் கவளமாக, கண்ணீரும் சோறுமாக. ஷர்மினிக்கு நினைவு தெரிந்து அம்மா அவளுக்கு ஊட்டியதில்லை. நெல்லுக்குப் பாய்ந்தது புல்லுக்கும் கொஞ்சம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். எத்தனை முறை விழுங்கினாலும் அது அண்ணனுக்குப் போட்ட சோறுதான்.

"போதும்மா. நான் கெளம்புறேன்" என்றாள்.

"இனி எப்ப வருவ?"

"இனி வரமாட்டேம்மா. நீ நல்லா சாப்டு. அழாத." பொய் சொல்வது என்று ஆனபின் அதில் கொஞ்சம் நல்லதையும் சேர்த்துவிடலாம் என்று பட்டது.

விக்னேஸ்வரி தலையை ஆட்டினாள், நெற்றியில் விபூதி பூசினாள். ஷர்மினி மூச்சை முழுதாக விட்டாள். முழங்கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாகத் தளர்ந்து, எலும்பு தரையில் படாமல், உருண்டு விழுந்தாள். பன்னிரண்டாவது விழுதல் அது. எந்த மேடையிலும் அவள் அவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

ஆட்கள் கலைந்து போனார்கள். நான்கு மணி மழை தகரக் கூரையில் அடித்துப் பெய்து ஓய்ந்தது. ஷர்மினி உடை மாற்றிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தாள். மகேன் நான்கு முறை கூப்பிட்டிருந்தான். மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ அதற்குள் கோலாலம்பூர் வரை போய்விட்டிருந்தது. அவள் கூப்பிட்டதும் மகேன் கத்தினான். "என்னா ஆட்டம்லா அது! அந்த உருமியோட சேத்து தாய்பேல ஆடுவோம். அங்க உள்ளவங்க இத வீடியோவா போட்டா உலகமே பாக்கும்."

"தாய்பேக்கு வரலேன்னு எழுதிரு மகேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவளும் நீட்டி விளக்கவில்லை. அந்த ஆட்டம் இன்னொரு மேடையில் ஏறினால், அது அசைவுக்கு அசைவு இதேதான் என்று ஒரு நாள் யாராவது ஒருவரின் கைப்பேசி வழியாக இந்த லயத்துக்கு வந்து சேரும். செத்த மகன் தாய்பேக்குப் போய் இறங்கமாட்டான் என்பது விக்னேஸ்வரிக்கும் தெரியும். அப்போது இன்றைக்கு வந்ததும் அவன் இல்லை என்று ஆகிவிடும். "அத இனி எங்கயும் ஆட முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுக்களையில் அம்மா தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகவே சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். மகளைப் பார்த்ததும், "வா, ஒடம்பு வலிக்குதா? ஒனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ஒங்கண்ணன் வந்தான்டி" என்று தொடங்கி, நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் எப்படி நின்றான், எப்படிச் செருமினான், எப்படிப் படியை மிதித்தான், எத்தனை கவளம் சாப்பிட்டான். ஷர்மினி புதிதாகக் கேட்பதைப்போலக் கேட்டாள். அழவும் செய்தாள். அது நடிப்பு இல்லை.

"செத்தவங்க வந்து பேசமாட்டாங்கன்னு சொன்னியே. இப்ப என்னா சொல்ற?"

"நான் சொன்னது தப்புதாம்மா."

அம்மா திருப்தியாகக் கையை உதறினாள். பிறகுதான் ஏதோ நினைவு வந்ததைப்போல மகளின் முகத்தைப் பார்த்தாள். முழுதாக, நேராக, வெகுநாள் கழித்து.

"பாவம்டி நீ. ஆடுறதுக்குன்னு அவ்வளோ தூரம் வந்த. நீ ஆடி நான் பாக்குறதுக்குள்ள அவன் வந்துட்டான். ஒன்னோட ஆட்டத்த இந்தத் தடவையும் பாக்க முடியாமப் போச்சு." நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். "யாரும் இல்லல்ல இப்ப. எனக்கு மட்டும் ஆடிக் காட்டேன். கண்ணு கொட்டாம பாக்குறேன்."

ஷர்மினி எழுந்து அடுக்களையின் நடுவில் நின்றாள். மூச்சை இழுத்தாள். தோள் குலுங்கத் தயாரானது, பாரம் வலது பக்கம் சாய்ந்தது. ஒரு வருடமாக அந்த உடம்பில் வேறு எதுவும் இல்லை. எந்த அசைவை எடுத்தாலும் அண்ணன்தான் வருவான். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குடை பிடித்துத் திடலில் நின்ற அதே முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷர்மினி மூச்சை விட்டாள். கைகளைத் தொங்கவிட்டாள்.

"மறந்துபோச்சும்மா" என்றாள்.

"பரவால்ல வுடு. ஒங்கண்ணன் வந்து போன ஒடம்புல வேற எதுதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, விக்னேஸ்வரி அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தாள்.